எல்லாம் ஒரே ஆணியில்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உங்கள் கம்பெனியிலும் ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில், கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி ஒன்றில் வீட்டுக்கு முன்பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. "விலை இறங்கியிருக்கிறது, இப்போது விட்டால் கிடைக்காது" என்று ஏஜென்ட் சொன்னாராமே. விலை ஏறியிருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

சொந்த நாட்டில் இருப்பவனுக்கு வேலை போனால் வேலைதான் போகும். வெளிநாட்டில் இருப்பவனுக்கு விசா, வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, வங்கிக் கடன், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்த ஒரே ஆணியில் தொங்குகின்றன. பொருளாதார மந்தம் வந்தால் ஆடுவது அந்த ஆணிதான். நீ வாங்கப் போகும் வீட்டையும் அதிலேயே கொண்டுபோய் மாட்டுவதா என்பதுதான் யோசிக்க வேண்டியது.

முதலில் நாள் கணக்கு. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாக்காரருக்கு வேலை முடிந்தபின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். 2017 முதல் இதுதான் விதி. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள். நாள் எண்ணிக்கையை விட அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவில் பொதுவாக, சம்பளம் கணக்கிடப்பட்ட கடைசி நாளிலிருந்து எண்ணுவார்கள். மூன்று மாதச் சம்பளத்தை இழப்பீடாகக் கையில் கொடுத்தாலும் அதனால் ஒரு நாள்கூட நீளாது. உன் பணிநீக்கக் கடிதத்தில் 'கடைசி வேலை நாள்' எது, 'விசா ரத்து செய்யும் நாள்' எது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்கு. பேச்சுவார்த்தையில் பணத்தை விட இந்தத் தேதியைத் தள்ளிவைப்பது பல நேரம் சுலபம். கம்பெனிக்கு அதில் பெரிய செலவில்லை.

அடுத்தது செட்டில்மென்ட். வளைகுடாவில் இருப்பவர்கள் பலர், வேலை முடியும்போது வரும் கிராஜுவிட்டியை, அலவன்ஸெல்லாம் சேர்ந்த மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டுக் கனவு காண்கிறார்கள். அமீரகச் சட்டப்படி பேஸிக் சம்பளத்தில்தான் கணக்கு: முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். மாதம் 15,000 திர்ஹாம் வாங்குபவரின் பேஸிக் 6,000 என்றால் ஒரு நாளுக்கு 200. 4 ஆண்டுக்கு 84 நாள், 16,800 திர்ஹாம். மொத்தச் சம்பளத்தில் போட்டுப் பார்த்தால் 42,000 வரும். அந்த 42,000ஐ நம்பித்தான் பலர் கடன் வாங்கியிருப்பார்கள். இன்னொன்று, கணக்குக்கு எடுத்துக்கொள்வது கடைசியாக வாங்கிய பேஸிக்கை. "சம்பளத்தைக் குறைக்கவில்லை, பேஸிக்கைக் கொஞ்சம் அலவன்ஸாக மாற்றி எழுதுகிறோம்" என்று ஒரு புது ஒப்பந்தத்தை நீட்டினால், அது இதுவரை உழைத்த எல்லா ஆண்டுகளின் கிராஜுவிட்டியையும் சேர்த்து வெட்டும் கையெழுத்து.

ராஜினாமாவும் அப்படித்தான். "நீங்களே கொடுத்துவிடுங்கள், பேர் கெடாது" என்று எச்.ஆர். அன்பாகச் சொல்லும். அமீரகத்தில் 2023 முதல் கட்டாயமாகியிருக்கும் வேலையிழப்புக் காப்பீடு பேஸிக்கில் 60 சதவீதத்தை 3 மாதம் வரை தருகிறது. 12 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியிருக்க வேண்டும், வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், உச்சவரம்பும் உண்டு. ஆனால் ராஜினாமா செய்தவருக்கு ஒரு பைசா கிடையாது.

செட்டில்மென்ட் பணம் சம்பளக் கணக்கில் விழுந்ததும் என்ன ஆகும் தெரியுமா? அங்கே வீட்டுக் கடனோ பர்சனல் லோனோ இருந்தால், வங்கி அந்தப் பணத்தைப் பிடித்து நிறுத்திவிடும். கணக்கில் பணம் தெரியும், எடுக்க முடியாது. அதே வாரத்தில் பின்தேதி போட்டு முன்கூட்டியே கொடுத்த வாடகைச் செக் வங்கிக்கு வந்து திரும்பும். 2008-09இல் துபாயில் செக் திரும்பினால் குற்ற வழக்கு. ஆட்கள் காரை விமான நிலையத்தில் போட்டுவிட்டு ஓடியதற்குக் காரணம் இந்தச் சங்கிலிதான். 2022 ஜனவரியிலிருந்து பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் சிவில் விவகாரம் ஆகிவிட்டது, ஆனால் பாக்கி அப்படியேதான் நிற்கும். ஆறு மாதச் செலவுக்கான தொகையை, கடன் வாங்காத வேறொரு வங்கியில் வை. அந்த வங்கியின் உரிமம் எந்த நாட்டுடையது என்றும் பார். பெயர்ப்பலகை எந்த ஊரில் தொங்கினாலும், டெபாசிட் பாதுகாப்பு உரிமம் தந்த நாட்டுடையதுதான். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்து வங்கிகள் விழுந்தபோது, வேறு நாடுகளில் அவற்றின் கிளையில் பணம் போட்டவர்கள் இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டார்கள்.

இனி நாணயம். உன் வருமானம், கடன், சொத்து மூன்றும் எந்தெந்த நாணயத்தில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பார். ஸ்பெயினில் குடியேறிய பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கு 2007 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 1.50 யூரோ கிடைத்தது. 2008 டிசம்பர் கடைசியில் 1.05க்கும் கீழே போனது. பென்ஷன் 1,000 பவுண்டு மாறவே இல்லை. கைக்கு வந்தது 1,500 யூரோவிலிருந்து 1,050க்கும் கீழே இறங்கியது. இது வருமானம் சரிந்த கதை. கடன் ஏறிய கதை போலந்தில் நடந்தது. வட்டி குறைவென்று சுவிஸ் பிராங்கில் வீட்டுக் கடன் வாங்கினார்கள். 2008 ஆகஸ்டில் ஒரு பிராங்க், போலந்து நாணயத்தில் ஏறத்தாழ 2 ஸ்லோட்டி. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி பிராங்கை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்த கையை எடுத்ததும் 4ஐத் தாண்டியது. 3,00,000 ஸ்லோட்டிக்குச் சமமாக 1,50,000 பிராங்க் வாங்கியவர், அசலில் ஒன்றும் அடைக்காதிருந்தால், 6,00,000 ஸ்லோட்டி கடன்காரர். வீட்டின் விலை அப்படி ஏறவில்லை. குறைந்த வட்டி என்று யாராவது மூன்றாவது நாட்டு நாணயத்தில் கடன் தருகிறேன் என்றால், பேச்சை அங்கேயே முடித்துவிடு.

இப்போது உன் வீடு. கட்டி முடிக்காத வீட்டில் எங்கே உடைகிறது என்றால், பில்டரின் பணம் இரண்டு குழாயில் வருகிறது: வங்கிக் கடன், அடுத்தடுத்து வாங்குபவர்களின் தவணை. மந்தத்தில் இரண்டும் ஒரே மாதத்தில் வற்றும். கிரேன் நிற்கும், ஆட்கள் குறைவார்கள், 'பணி நடைபெறுகிறது' என்ற பலகை மட்டும் இருக்கும். அயர்லாந்து 2010இல் கணக்கெடுத்தபோது அரைகுறையாக நின்ற குடியிருப்புகள் 2,846 தேறின. சிலவற்றில் தெருவிளக்கும் கழிவுநீர் இணைப்பும்கூட முடியவில்லை.

அதனால் தவணை அட்டவணையைத்தான் முதலில் படி. 'மார்ச்சில் 10 சதவீதம், ஜூனில் 10 சதவீதம்' என்று காலண்டரோடு கட்டியிருந்தால், வேலை நின்றாலும் நீ கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'மூன்றாம் தளக் கான்கிரீட் முடிந்ததும்' என்று கட்டட நிலையோடு கட்டியிருக்க வேண்டும். அந்த நிலையைச் சான்றளிப்பவர் பில்டரின் ஆளாகவும் இருக்கக் கூடாது. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? துபாயில் 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி அந்தத் திட்டத்துக்கென்றே தனி எஸ்க்ரோ கணக்கு, அதாவது பில்டர் இஷ்டப்படி எடுக்க முடியாத பாதுகாப்புக் கணக்கு, வேண்டும். ஏஜென்ட் தரும் கணக்கு எண்ணுக்கு அனுப்பாதே. பதிவு அலுவலகத்தில் திட்டத்தின் பெயரைச் சொல்லி நீயே எண்ணைக் கேட்டு வாங்கு. ஸ்பெயினில் 1968ஆம் ஆண்டின் 57ஆம் எண் சட்டம் முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்டாயம் என்றது. ஆனால் 2008க்குப் பிறகு பார்த்தால், ஏராளமானோர் கையில் தன் பெயரும் தொகையும் போட்ட உத்தரவாதப் பத்திரமே இல்லை. பணத்தை வாங்கிப் போட்ட வங்கியே பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 2015 டிசம்பர் ஆனது. அதுவரை வக்கீல் செலவு வாங்கியவருடையது.

வில்லங்கம் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. சைப்ரஸில் டெவலப்பர் நிலத்தை முன்பே அடமானம் வைத்திருந்தார். வாங்கியவர் முழுப் பணத்தையும் கட்டி, குடியேறி, பல ஆண்டு கழித்தும் பத்திரம் வரவில்லை. வங்கியின் உரிமை வாங்கியவரின் உரிமைக்கு முன்னால் நின்றது. தீர்வை முழுப் பணத்துக்குப் பிறகு தேடிப் பயனில்லை. 'என் வீட்டுக்குரிய பங்கை அடமானத்திலிருந்து விடுவிப்போம்' என்று அந்த வங்கியே எழுதித் தரும் கடிதம் முதல் தவணைக்கு முன்பே வேண்டும். ஒப்பந்தத்தையும் நிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

நடுவில் உன்னால் கட்ட முடியாமல் போனால்? உன் சூழ்நிலையில் இதுதான் முக்கியமான ஷரத்து. துபாயில் கட்டடம் 60 சதவீதத்துக்குக் கீழே முடிந்திருக்கும்போது நீ நின்றுபோனால், டெவலப்பர் 25 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் முடிந்திருந்தால் 40 வரை. இந்தச் சதவீதம் நீ கட்டிய தொகையில் இல்லை, வீட்டின் ஒப்பந்த விலையில். 20 சதவீதம் கட்டிவிட்டு வேலை போனால், திரும்ப எதுவும் வராமல் போகலாம்.

கட்டி முடித்த வீடென்றால் ஆபத்து வேறு மாதிரி. 2,00,000 யூரோ வீடு, கைப்பணம் 60,000, கடன் 1,40,000, வரியும் பதிவும் ஏறத்தாழ 20,000 என்று வை. விலை 30 சதவீதம் இறங்கினால் விற்று வருவது கடனுக்குத்தான் சரி. ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம் என்றால் 7,000 யூரோ கையிலிருந்து போட்டுத்தான் வெளியே வர முடியும். உன் 80,000 போனது போனதுதான். ஸ்பெயினில் வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால், வாங்குபவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டுவார். நஷ்டத்தில் விற்றாலும் பிடிப்பார், பிறகு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். சாவியை வங்கியில் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்றும் நினைக்காதே. வங்கி எழுத்தில் ஒத்துக்கொண்டாலொழிய, ஏலத்தில் விற்றும் அடையாத பாக்கி உன்னைத் துரத்தும்.

"வாடகைக்கு விட்டு ஓட்டிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். உன் வாடகைக்காரர் யார்? உன்னைப் போலவே வேலைக்கு வந்த இன்னொரு வெளிநாட்டுக்காரர். உனக்கு வேலை போகும் மாதத்தில் அவரும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். துபாயில் 2008 உச்சத்துக்குப் பிறகு விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தபோது வாடகையும் கூடவே விழுந்தது இதனால்தான்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மந்தத்தில் டிக்கெட் மலிவாகும் என்று காத்திருக்காதே. விமான நிறுவனம் விலையைக் குறைக்கும், கூடவே வாரத்துக்கு ஏழு விமானத்தை நான்காக்கும். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டில் ஒன்று மாறினால் மற்றது வீண். எல்லாக் கட்டமும் ஒரே முன்பதிவில் இருக்கட்டும். நிறுவனமே மூடினால் என்ன ஆகும் என்பதற்கு 2008 செப்டம்பர் 12 இருக்கிறது: பிரிட்டனின் எக்ஸ்எல் லெஷர் என்ற பயண நிறுவனம் மூடியபோது ஏறத்தாழ 85,000 பேர் வெளிநாடுகளில் மாட்டினார்கள். பேக்கேஜாக வாங்கியவர்களை ஏட்டோல் பாதுகாப்புத் திட்டம் திருப்பிக் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்துக்குள் வராதவர்கள் திரும்பி வர மறுபடி காசு கொடுக்க வேண்டியிருந்தது. கிரெடிட் கார்டில் வாங்கு, வங்கி மூலம் பணத்தைத் திருப்பக் கேட்க வழி இருக்கும். பயணக் காப்பீட்டில் 'விமான நிறுவனம் திவாலாவது' என்ற வரி இருக்கிறதா என்று பார். நிறுவனம் ஆட்டம் காண்கிறது என்று செய்தி வந்தபின் வாங்கினால் செல்லாது. சேர்த்து வைத்த மைல்களை இப்போதே செலவழித்துவிடு. குடும்பம் முழுவதும் ஒரே வாரத்தில் ஒருவழி டிக்கெட்டில் திரும்ப என்ன ஆகும் என்று இன்றைய விலையைப் பார்த்து, அந்தத் தொகையையும் அந்த இன்னொரு வங்கியில் போட்டு வை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் விசாவோடு முடிந்துவிடும் என்பதால், பல் வைத்தியம், கண்ணாடி எல்லாவற்றையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஒப்பந்தத்தில் எனக்கு வேண்டியது மூன்று பக்கம்தான்: தவணை அட்டவணை, பணம் செலுத்தும் கணக்கின் விவரம், தவணை தவறினால் என்ன என்ற ஷரத்து. மூலமொழியிலேயே அனுப்பு, ஏஜென்ட் தந்த மொழிபெயர்ப்பு வேண்டாம். நான் பதில் எழுதும்வரை செக் புத்தகம் பீரோவில் இருக்கட்டும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு