பருவத்துக்கு ஒரு நாள்: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு நூலகரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு,

வணக்கம். மாவட்டத்துக் கல்லூரி நூலகர்கள் ஒரு சனிக்கிழமை கூடிப் பேச அனுமதி கேட்டோம். "நீங்கள் போய்விட்டால் நூலகத்தை யார் பார்ப்பது?" என்று கேட்டு மறுத்துவிட்டீர்கள். நியாயமான கேள்விதான். உதவியாளர் பணியிடத்தை நிரப்பச் சொல்லி நாங்கள் எழுதிய கடிதங்களிலும் அதே கேள்விதான் இருக்கிறது.

கூடி அப்படி என்ன பேசப் போகிறோம்? ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் நூலகத்தைக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாற்றினோம். பழைய பதிவுகளில் தமிழ் நூற்பெயர்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. மாற்றி முடித்துப் பார்த்தால், புறநானூறு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக என்னவோ நிற்கிறது. மாணவி தமிழில் தேடினால் 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. நூலோ அவருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, நூல் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். பாதி முடிந்திருந்தபோது வேறொரு வேலையாகப் பக்கத்து ஊர்க் கல்லூரி நூலகரிடம் பேச நேர்ந்தது. "பதிவுகளை எக்செல்லில் இறக்கி, எழுத்துரு மாற்றியில் போட்டுத் திரும்ப ஏத்திடுங்க சார், அவ்வளவுதான்" என்றார். அவர் அதை எப்போதோ செய்து முடித்திருந்தார். இரண்டு கல்லூரிக்கும் நடுவே பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது.

இதற்காகத்தான் கேட்கிறோம்: பருவத்துக்கு ஒரு நாள், ஓ.டி.யோடு, அதாவது விடுப்பாக அல்லாமல் பணி நாளாகவே ('ஆன் டியூட்டி') கணக்கிட்டு. பயணப்படிகூட வேண்டாம்.

ஆசிரியர் கருத்தரங்குக்குப் போனால் ஓ.டி., நூலகர் போனால் தற்செயல் விடுப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகள் எங்கள் தகுதியையும் பதவி உயர்வையும் ஆசிரியர்களோடு சேர்த்தேதான் பேசுகின்றன. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் மட்டும் அது எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிடும். அன்றைக்கு நூலகத்துக்குப் புதுத் திரைச்சீலைகூடக் கிடைக்கும்.

ஆகஸ்ட் 12, நூலகர் தினம் வந்தால், இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இங்கிலாந்து போய்ப் படித்தார், அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார், திரும்பி வந்து மற்றவர்களோடு சேர்ந்து 1928-ல் சென்னை நூலகச் சங்கத்தையும் தொடங்கினார். நல்லவேளை, அவர் உங்களிடம் ஓ.டி. கேட்கவில்லை.

சரி, கோபத்தில் சற்று அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை காத்திருக்கவில்லை. ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கும் அவை எட்டும் என்கிறார்கள். எட்ட வைக்கும் வேலை நூலகருடையது. எந்தக் கல்லூரியில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், மாணவர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை எல்லாம் வாட்ஸப்பில் 'நன்றி', 'வாழ்த்துகள்' செய்திகளுக்கு நடுவே பேசித் தீர்க்க முடியவில்லை.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்கிறோம். வரும் பருவத்துக்கு நாட்காட்டி போடும்போதே நூலகர் கூடுகைக்கு ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். தேர்வும் சேர்க்கையும் இல்லாத எந்த நாளானாலும் சரி. அதை ஓ.டி.யாக எழுத்தில் தாருங்கள். கூடிப் பேசியதை அடுத்த வாரமே அறிக்கையாக உங்களிடம் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி நூலகர்