தேள் ஈ கொட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், மூன்றே இனங்கள் கொண்ட தேள் ஈக் குடும்பமான மெரோப்பிடே பற்றிய துணுக்கைப் படித்தேன். இதைப் பற்றித் தமிழில் நான்கு வரி வந்ததே பெரிய விஷயம். ஆனால் ‘வால் கொடுக்கால் கொட்டும்’ என்று எழுதி, வேறு குடும்பத்துப் பூச்சியின் படத்தையும் போட்டுவிட்டீர்கள்.

படத்தில் இருப்பது பனோர்ப்பா என்ற வேறு வகைத் தேள் ஈ. அதன் ஆணுக்குத்தான் வால்நுனி தேள் போல மேலே வளைந்து உருண்டிருக்கும். அது கொடுக்கு அல்ல, இனப்பெருக்க உறுப்பு, விஷமும் கிடையாது. மெரோப்பிடே ஆணுக்கோ அந்த வளைவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வர்ஜீனியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஆகஸ்ட் மாத இரவொன்றில் வாசல் விளக்கடியில் ஒன்றைப் பார்த்தேன். கரப்பான் என்று நினைத்து மகள் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். தட்டையான பழுப்பு உடல், அதை மூடிக் கிடக்கும் அகன்ற, நரம்போடிய சிறகுகள், பின்னால் சோற்றுப் பானை இறக்கும் இடுக்கியைச் சுருக்கி ஒட்டவைத்தது போல ஓர் உறுப்பு. விரலில் ஏற்றிக்கொண்டேன். பாவம், ஓடி ஒளியத்தான் பார்த்தது.

துணுக்கில் விட்டுப்போனதுதான் சுவையான கதை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் இனத்துக்குப் பூச்சியியலாளர் நியூமன் 1838இல் பெயரிட்டார். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் இருப்பது 1933இல் விவரிக்கப்பட்டது. மூன்றாவது இனம் 2013இல்தான் பிரேசிலின் எஸ்பிரிட்டு சான்டோ மாநிலத்திலிருந்து வந்தது. அது அண்டை வீட்டுக்காரரான அமெரிக்கப் பூச்சியோடு சேரவில்லை; கடல் கடந்த ஆஸ்திரேலியப் பூச்சியின் பேரினத்தில் போய்ச் சேர்ந்தது! தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்த காலத்துச் சொந்தம் அது.

துணுக்கு ‘மிக அரிது’ என்றதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. பகலில் மரக்கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் பதுங்குவதை யார் பார்ப்பார்கள்? கூடாரம் போன்ற வலைப்பொறி கட்டிய அமெரிக்கக் காடுகளில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே சிக்கியிருக்கின்றன.

பெயரிலும் குழப்பம்தான். ஈக்கு இரண்டு சிறகு, இதற்கு நான்கு. உறவு பார்த்தால் தேளைவிடத் தெள்ளுப்பூச்சிக்குத்தான் இது நெருங்கிய சொந்தம்.

அடுத்த இதழில் படத்தையாவது மாற்றிப் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள். என் பேரன் ஏற்கெனவே ஒட்டிவிட்டான்.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, பாளையங்கோட்டை.