பழைய பெயரில் தேடினால் நம் ஊர் கிடைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எங்கள் ஊர் வரலாறு' என்று பள்ளிகளில் திட்டப்பணி கொடுக்கிறார்கள். மாணவர்கள் வேலூர் என்று தட்டித் தேடுகிறார்கள். கோட்டை, பொற்கோயில், 1806 சிப்பாய்ப் புரட்சி என்று அதே நாலு பத்திகள் வருகின்றன. அவற்றைப் படியெடுத்துக் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் இணையத்தில் இல்லை என்கிறார்கள். இருக்கிறது. காசில்லாமலும் கிடைக்கிறது. ஆனால் பழைய பெயரில், பழைய எல்லையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் அகப்படாது.

1911 வரை, வேலூர் அடங்கிய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். திருப்பதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென்னார்க்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் இங்கே வந்து சேர்ந்தன. ஆகவே வாணியம்பாடி மாணவர் தன் ஊரைப் பற்றிப் படிக்க வேண்டுமானால், லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டை (1883) எடுக்க வேண்டும். குடியாத்தம், ஆம்பூர், ஆரணிக்காரர்களுக்கு ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு கையேடு (1881). இதை ஸ்டூவர்ட் திருத்தி வெளியிட்ட பிந்தைய பதிப்பும் உண்டு. இவை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் கிடைக்கின்றன. தேடும் சொல் 'நார்த் ஆர்காட் மேனுவல்', ஆங்கில எழுத்தில். பிடிஎஃப் கோப்பு பெரிதாக இருக்கும்; டேட்டா குறைவாக உள்ளவர்கள் தரவிறக்கப் பட்டியலில் 'ஃபுல் டெக்ஸ்ட்' என்பதை எடுத்தால் ஓரிரு எம்பியில் முடிந்துவிடும். அதில் அட்டவணைகள் குலைந்திருக்கும். எண்களை மட்டும் பக்கப் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 3 என்பது 8 ஆகியிருக்கும்.

ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு தடை. ஆம்பூருக்கு 'யு' போடும் இடத்தில் பழைய ஆவணங்களில் இரட்டை 'ஓ' வரும். வாலாஜாவுக்கு ஒரு 'எல்', இரண்டு 'எல்' என்று இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழில் தேடும்போதும் ஆற்காடு, ஆர்க்காடு, வடார்க்காடு என மூன்றையும் தட்ட வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகத்தில் 'இம்பீரியல் கெசட்டியர்' 26 தொகுதிகளும் உள்ளன. அதில் 'நார்த்' என்று ஆங்கில 'என்' எழுத்து வரிசையில் பார்த்தால் கிடைக்காது. 'ஆர்காட், நார்த்' என்று 'ஏ' எழுத்து வரிசையில், ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் எண்ணிம நூலகத்தில் பழைய மாவட்டக் கையேடுகளும் உண்டு. ஒப்பிடும்போது கவனம் வேண்டும். 1981 வட ஆர்க்காட்டில் திருவண்ணாமலையும் அடக்கம். 1989இல் அது பிரிந்துவிட்டது. 2011 வேலூரில் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அடக்கம். 2019இல் அவையும் பிரிந்தன. மாவட்ட மொத்தத்தை ஒப்பிட்டால் மக்கள்தொகை திடீரென்று சரிந்ததாகத் தோன்றும். வட்டம் வட்டமாக, அதிலும் அந்த வட்டத்தின் எல்லை மாறியிருக்கிறதா என்று பார்த்து, ஒப்பிடுங்கள்.

கல்வெட்டுகளுக்கு வருகிறேன். ஹூல்ட்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி (1890) இணையத்தில் இலவசம். வட ஆர்க்காட்டுக் கல்வெட்டுகளுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு ஒன்றை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் கூடி, இனிப் பெண்ணுக்காகப் பொன் வாங்கக் கூடாது, கன்னியாதானமாகவே மணம் செய்ய வேண்டும், பொன் வாங்குபவரும் கொடுப்பவரும் அரச தண்டனைக்கு உட்பட்டுச் சாதியிலிருந்தும் விலக்கப்படுவர் என்று செய்துகொண்ட உடன்படிக்கை அது. சக ஆண்டு 1347 என்று இருக்கும். 78 கூட்டினால் கி.பி. 1425, அதாவது 1425-26. (சனவரி முதல் மார்ச் வரையிலான நாள்களுக்கு 79 கூட்ட வேண்டும்.) மணமகள் வீட்டார் பணம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை நம் ஊர்க் கோயில் சுவரே சொல்கிறது. வகுப்பில் ஒரு மணி நேரம் பேச இது ஒன்று போதும்.

தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம் மூன்றையும் சொல்வேன். மதுரைத் திட்டத்தின் பழைய கோப்பு சில சமயம் கிறுக்கலாகத் தெரிந்தால் கணினியில் குறை இல்லை. அது 'திஸ்கி' என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றத்தில் உள்ளது. அதே நூலின் யூனிகோடு வடிவத்தை எடுங்கள். சிகாகோ தளத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முழுவதும் இருக்கிறது. 'நடந்தான்' என்று தேடினால் வராது, 'நட' என்று தேட வேண்டும்.

படமாக மட்டும் இருக்கும் பழைய நூலை எழுத்தாக்க, கூகுள் டிரைவில் ஏற்றி 'டாக்ஸ்' கொண்டு திறந்தால் போதும். முழு நூலையும் ஒரேயடியாக ஏற்றாமல் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து ஏற்றுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா வடிவங்கள் வேறு. மென்பொருள் அங்கே தடுமாறும். துணைக்காலையும் 'ர'வையும் ஒன்றாக்கிவிடும். இந்தப் பிழைகள் ஒரே மாதிரி திரும்ப வருவதால், தேடி மாற்றும் வசதியில் பாதி வேலை முடியும். மீதிக்குக் கண்தான்.

அறிவியலுக்கு இரண்டே இரண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' கணினிச் செய்முறைகள் பல தமிழிலும் உள்ளன. எச்டிஎம்எல்5 என்று குறித்தவற்றைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாத வகுப்பிலும் ஓடும். இன்னொன்று, நாசாவின் 'ஏடிஎஸ்' வானியல் கட்டுரைக் களஞ்சியம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை ஜவ்வாது மலைக் காவலூரிலிருந்தும் பதிவு செய்தார்கள். பட்டாச்சார்யா, குப்புசாமி எழுதிய அந்தக் கட்டுரையை அங்கே தேடுங்கள். கோளைச் சுற்றியிருந்த வளையத்தை அவர்கள் முதலில் புதிய துணைக்கோள் என்று கருதியது தலைப்பிலேயே தெரியும். கண்டுபிடிப்பு எப்படிப் படிப்படியாகத் தெளிகிறது என்பதைப் பாடநூல் இவ்வளவு நேராகக் காட்டாது.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை வட்டங்களுக்கு ஒரு சிறு அட்டவணை வெளியிட வேண்டுகிறேன். மூன்று நெடுவரிசை போதும்: இன்றைய பெயர், பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல், 1911க்கு முன் இருந்த மாவட்டம். கிளை நூலகர்கள் அதை வெட்டி, பொதுக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். இந்தக் கையேடுகளின் பிடிஎஃப் கோப்புகளையும் அதே கணினியில் சேமித்து வைத்தால், இணைப்பு அறுந்த நாளிலும் மாணவர்கள் படிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.