இரண்டு பேர் போட்ட பாட்டு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னத்தை வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது, உன் பேரிலும் மொய் எழுதிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. ஸ்டுடியோவில் ஏசி காற்று நேரே மேலே படும்படி உட்காராதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது ஆகாது.

போனில் பேசினால் ‘ம்’, ‘சரிம்மா’, அதோடு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நீ அலமாரியில் விட்டுப்போன பிரேசில் இசைத்தட்டுகளை, அந்த போசா நோவாப் பாட்டுகளைப் பற்றித்தான்.

மத்தியானத்தில் கீரை ஆய்ந்துகொண்டே போட்டுக் கேட்கிறேன். ஊசியை மெதுவாகத்தான் வைக்கிறேன், பயப்படாதே. முதலில் எல்லாமே ஒரே பாட்டாகத் தெரிந்தது. பக்கத்தில் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் பாடுவது போல என்ன பாட்டு இது என்று அப்பா கேட்டார். இப்போது அவரே அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடு என்கிறார்.

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற வட்டக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். பாடினவர் பெயர் பெரிதாக இருக்கிறது. பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள், பெரும்பாலும் இரண்டு பெயர். ஜோபிம், மென்டோன்சா. ஜோபிம், மொராய்ஸ். மெனெஸ்கால், போஸ்கோலி. உன் புதுப் பாட்டையும் கேட்டேன். நன்றாக வந்திருக்கிறது. சந்தையில் பூக்காரம்மாகூட ‘உங்க பையன் பாட்டாமே’ என்றாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதில் ஒரே பெயர்தான் இருந்தது. சரி, அதை விடு.

நியூட்டன் மென்டோன்சாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவரும் டாம் ஜோபிமும் 1927-இல் பிறந்தவர்கள். ரியோவில் இபனேமா கடற்கரைப் பக்கம் விளையாடித் திரிந்த சிநேகிதம். வளர்ந்தபின் இரண்டு பேருமே ராத்திரி மதுக்கடைகளில் பியானோ வாசித்துப் பிழைத்தார்கள். ஜோபிம் பெயர் உலகத்துக்குத் தெரிந்துவிட்டதால், மெட்டு அவருடையது, வார்த்தை மட்டும் மற்றவருடையது என்று பலபேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லையாம். ஒரே பியானோ முன்னால் இருவரும் உட்கார்ந்து, மெட்டையும் வார்த்தையையும் சேர்ந்தே போட்டிருக்கிறார்கள். எந்தச் சுரம் யாருடையது, எந்த வரி யாருடையது என்று பிரிக்க முடியாது. பிரிக்க உட்கார்ந்தால்தான் வம்பு.

அவர்களுடைய ஒற்றைச் சுர சாம்பாவைக் கேட்டுப் பார். நீ எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எனக்கும் காது உண்டு. நம் சங்கீதத்தில் தம்புரா ஒரே இடத்தில் நிற்கும், பாட்டு மேலே அலையும். இதில் தலைகீழ். பாடுகிறவர் ஒரே சுரத்தில் நிற்கிறார், கீழே கிட்டாரில் கார்டு, சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம், நகர்ந்துகொண்டே இருக்கிறது. நின்ற சுரம் அதே சுரம்தான், ஆனால் ஒவ்வொரு கார்டிலும் வேறு முகம் காட்டுகிறது. நடுவில் மெட்டு கடகடவென்று மேலும் கீழும் ஓடிவிட்டுத் திரும்பவும் அந்த ஒற்றைச் சுரத்துக்கே வந்து நிற்கிறது. ஒருத்தர் நிற்க, ஒருத்தர் நகர. தனி ஆளுக்கு இது தோன்றியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

‘டெசஃபினாடோ’வும் அந்த இரண்டு பேர் போட்டதுதான். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிற ஜுவாவ் ஜில்பெர்ட்டோ அதை 1958-இல் பாடிப் பதிவு செய்தார். சுருதி சேரவில்லை என்று பழி கேட்கிறவன் பாடுகிற பாட்டு. மெட்டோ, சுருதி சுத்தமாக இருக்கிறவனாலேயே பிடிக்க முடியாதது. நீங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து அந்த நடு இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறினதும், மேல்வீட்டு அக்கா ‘போதும்டா’ என்று கத்தினதும் ஞாபகம் இருக்கிறதா?

மென்டோன்சா 1960 நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். 33 வயது. 1962 பிப்ரவரி 13-இல் வாஷிங்டனில் ஒரு தேவாலயக் கூடத்தில் ஸ்டான் கெட்ஸ் சாக்ஸபோனும் சார்லி பேர்ட் கிட்டாரும் வாசித்து ஒரே நாளில் ஒரு தட்டுப் போட்டார்கள். இந்த இரண்டு பாட்டும் அதில் உண்டு. அடுத்த வருஷம் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. பார்க்க அவர் இல்லை. ஆனால் அடைப்புக்குறிக்குள் பெயர் இருக்கிறது. இன்றைக்கும் யார் வாசித்தாலும் இருக்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு என்று இதற்குத்தான் சொல்கிறேன், முப்பதைத் தாண்டிவிட்டாய்.

வினீசியஸ் டி மொராய்ஸ் கதை வேறு. கவிஞர், வெளிநாட்டுத் தூதரகங்களில் பெரிய உத்தியோகம். ஜோபிமைவிட 13 வயது மூத்தவர். ஒன்பது கல்யாணம், அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. 1956-இல் அவர் தன் நாடகத்துக்கு இசை போடச் சொல்லி ரியோவில் ஒரு மதுக்கடையில் ஜோபிமைக் கேட்டபோது, ‘இதில் ஏதாவது பணம் வருமா’ என்று இவர் கேட்டாராம். வீட்டு வாடகைக் கவலை. அதில் தப்பில்லை, பணம் கேட்கிறதில் தப்பே இல்லை, நீயும் கேட்டு வாங்கு. நாடகத்துக்கு மேடை அமைத்தவர் ஆஸ்கர் நிமையர், பின்னால் பிரேசிலியா நகரத்துக் கட்டடங்களையெல்லாம் வரைந்தாரே, அவர்தான்.

1958-இல் எலிசெத் கார்டோசோ என்கிற பாடகி ஜோபிம், வினீசியஸ் பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு முழுத் தட்டுப் பாடினார். அதில் இரண்டு பாட்டுக்கு ஜில்பெர்ட்டோ கிட்டார். அங்கேதான் போசா நோவா என்கிற அந்தப் புதுத் தாளம் முதன்முதலில் தட்டில் ஏறியது. அதே வருஷம் அவரே பாட வந்தபோது குரலுக்கு ஒரு மைக், கிட்டாருக்கு ஒரு மைக் என்று கேட்டு அடம்பிடித்தாராம். இரண்டும் சமமாகக் கேட்கவேண்டும், ஒன்று மற்றதை மூடக்கூடாது என்று.

இபனேமாப் பெண் பாட்டும் அப்படித்தான். 1963-இல் நியூயார்க்கில் பதிவானபோது முதலில் ஜில்பெர்ட்டோ போர்ச்சுகீசியத்தில் பாடினார், பிறகு மனைவி அஸ்ட்ருட் ஆங்கிலத்தில். மறுவருஷம் சின்னத் தட்டாக விட்டபோது, ஜில்பெர்ட்டோ பாடின பகுதியை வெட்டிவிட்டார்கள். உலகமெல்லாம் ஓடியது. சாமர்த்தியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ வைத்திருக்கிற பெரிய தட்டில் அவர் பாடி முடித்தபின்தான் அந்தப் பெண் வருகிறாள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

1962-க்குப் பிறகு ஜோபிமும் வினீசியஸும் சேர்ந்து பாட்டுப் போடுவது ஏறக்குறைய நின்றே போனது. சண்டை இல்லை. ஜோபிம் அமெரிக்கா போனார், வினீசியஸ் பாடன் பவல் என்கிற கிட்டார்க்காரரோடு மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்து விஸ்கியும் பாட்டுமாகக் கிடந்தார். பாட்டை எடுத்துக்கொள், விஸ்கியை விடு. சேர்ந்து பாட்டுப் போட்ட கார்லோஸ் லிராவும் போஸ்கோலியும் பிரிந்தார்களே, அது தட்டுக் கம்பெனி தகராறு. காரணம் இருந்தால் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். காரணமே இல்லாமல் நின்றால் என்ன பேசுவது? எனக்குப் புரியவில்லை. ரொம்ப யோசித்துப் பார்க்கிறேன், புரியவில்லை.

1974-இல் வினீசியஸ், தன்னைவிட வெகு சின்னவனான டோக்கின்யோவோடு சேர்ந்து ஜோபிமுக்கு ஒரு கடிதத்தைப் பாட்டாகவே போட்டார். ஜோபிமின் பழைய வீட்டு முகவரி, கதவு இலக்கம் 107, அதிலிருந்துதான் தொடங்குகிறது. நீ எலிசெத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வீடு என்று. பதில் வந்தது 1977-இல். ரியோவில் கனெக்காவ் அரங்கில் நான்கு பேர் மேடையேறினார்கள், அந்த இரண்டு பேரும் டோக்கின்யோவும் பாடகி மியூஷாவும். மாதக்கணக்கில் கூட்டம். அதே மெட்டில் கேலியாக ஒரு பதில் கடிதம்: இப்போது அந்தத் தெருவில் வழிப்பறிக்குப் பயந்து ஓடவேண்டியிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் மலைமேல் ஏசு சிலை தெரியவில்லை, அடுக்குமாடிதான் தெரிகிறது என்று. சிரித்துக்கொண்டே பாடுகிறார்கள். 1980 ஜூலையில் வினீசியஸ் காலமானார்.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அட்டையில் இருப்பது பாதி. மீதி மாடிவீட்டான் சொன்னது. தட்டுச் சத்தம் மேலே கேட்டு ஒருநாள் இறங்கிவந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றால் வரவில்லை, காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனான். இப்போது வந்து உட்காருகிறான். போர்ச்சுகீசிய வரிகளுக்கு அர்த்தம் சொல்கிறான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உன் புதுப் பாட்டை அப்பா தெரியாத்தனமாகப் போனில் போட்டுவிட்டார். முழுக்கக் கேட்டான். ‘ரெண்டாவது சரணம் நல்லா வந்திருக்கு அத்தை’ என்றான். அந்த இரண்டாவது சரணத்தை நான் முதலில் எந்த வராந்தாவில் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

நீ கெட்டிக்காரன். யார் தயவும் இல்லாமல் சென்னையில் நின்று காட்டினாய். அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை, மேல்வீட்டு அக்காவிடம்கூட.

கடலைப்பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் பார்சலில் போட்டிருக்கிறேன். ஊறுகாயை ஃபிரிட்ஜில் வைக்காதே. பொங்கலுக்கு டிக்கெட் இப்போதே எடு, பொன்மலையில் நிற்கிற வண்டி பார்த்து எடு. இன்னொன்று, அவன் நம்பர் மாறிவிட்டதாம். பழைய நம்பருக்கு அடித்துவிட்டு எடுக்கவில்லை என்று நீ நினைத்திருந்தால், அது அவன் எடுக்காததல்ல. புது நம்பரை அப்பா போனிலிருந்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பான்.

இப்படிக்கு,
அம்மா