ஒரு பக்கச் சளி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் பேத்தி காதுக்குள் பட்டாணியைப் போட்டுக்கொண்டு வீட்டையே கலக்கிய கதையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கூடவே வயிற்றில் புளியும் கரைந்தது, ஏனெனில் சென்ற மாதம் எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தது.

மூன்று வயதுப் பேரனுக்கு நான்கைந்து நாட்களாக இடது மூக்கில் மட்டும் சளி ஒழுகிக்கொண்டிருந்தது. சளிதானே என்று நானும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, அவனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு நாற்றம் வரத் தொடங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, கிழிந்த தலையணையிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று சளியில் ஊறிப் பழுப்பு நிறத்தில் தெரிந்தது.

அப்போதுதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது என்று இடுக்கியை எடுத்தேன். அவன் தலையை வெடுக்கென்று திருப்பினான்; ரத்தம் வந்தது; துண்டு இன்னும் உள்ளே போய்விட்டது. அதை வெளியே எடுத்த பிறகு மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சாதாரணச் சளி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகும் என்றும், சிறு குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே ஏதோ சிக்கியிருப்பதாகவே முதலில் நினைக்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் முயற்சியில் எடுப்பதுதான் எளிது, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வீக்கமும் குழந்தையின் பயமும் கூடிவிடும் என்று அவர் சொன்னபோது, நான் இடுக்கியை நினைத்துத் தலைகுனிந்தேன்.

பாசிமணி போன்ற பொருளாக இருந்தால் தாயின் முத்தம் என்று ஒரு முறை உண்டாம். அடைபடாத மூக்குத் துவாரத்தை விரலால் அழுத்திக்கொண்டு, தாய் தன் வாயைக் குழந்தையின் வாயோடு பொருத்திச் சட்டென்று ஊத வேண்டும்; காற்று பின்னாலிருந்து வந்து பொருளை வெளியே தள்ளிவிடும். 1965ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவர் விவரித்த இந்த முறை, பத்தில் ஆறு குழந்தைகளுக்குப் பலன் தருகிறதாம். குழந்தைக்கு அது முத்தமாகவே தோன்றும் என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் வீட்டில் காதில் தண்ணீர் விடச் சொன்னவரின் பேச்சைக் கேட்காமல் இருந்தாயே, அது நல்லதாயிற்று. தண்ணீர் பட்டால் பட்டாணி ஊதிப்போய் இறுகியிருக்கும். காதுக்குழாயின் உட்பகுதியில் தோல் மெல்லியது, லேசாக உரசினாலே உயிர் போகும் வலி.

இதில் எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டுவது, சிறு ரிமோட்டுகளில் போடும் வட்டமான பொத்தான் பேட்டரிதான். மற்றவற்றுக்குச் சற்று நேரம் தாழ்த்தினாலும் சமாளிக்கலாம், அது அப்படியல்ல. மூக்கின் ஈரத்தில் பட்டதும் மின்னோட்டம் பாய்ந்து எரிசோடா போன்ற காரம் உண்டாகிச் சதையை அரிப்பதால், சில மணி நேரத்திலேயே நடுச்சுவரில் ஓட்டை விழக்கூடும். சொட்டு மருந்தோ எண்ணெயோ எதுவும் விடாமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தேய்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும் என்றறிந்த அன்றே, வீட்டிலுள்ள ரிமோட்டுகளின் மூடிகளையெல்லாம் ஒட்டிவிட்டேன்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். ஸ்பாஞ்சை எடுத்த பிறகும் மருத்துவர் எங்களை விடாமல், மறு மூக்கையும் இரண்டு காதுகளையும் பார்த்தார். வலது காதில் இன்னொரு துண்டு இருந்தது. உன் பேத்தியின் மறு காதைப் பார்த்தார்களா? உடனே எழுது.

அன்புடன்,
உன் தோழி