மாறியதா, ஆனதா, திரிந்ததா?

பாளையங்கோட்டை

எய்யா,

நீ அனுப்பிய அறிவியல் பாட வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழில்தான் ஒரே சொல் எல்லா இடத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. தலைப்பிரட்டை உருமாற்றம் அடைகிறது, பதநீர் உருமாற்றம் அடைகிறது, பால் உருமாற்றம் அடைகிறது, கடைசிப் பக்கத்தில் ஒரு வங்கியும் உருமாற்றம் அடைகிறது. ஆங்கிலக்காரன் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். நம்மிடம் அந்த வேலையை நாலைந்து வினைகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பெயர்ச்சொல்லைத் தேடாமல் வினையைத் தேடு, பாதி வாக்கியங்கள் தானாக நேராகிவிடும்.

முதலில் 'மாறு'. இதன் பொருளை முன்னால் நிற்கும் உருபுதான் முடிவு செய்கிறது. "புழு பூச்சியாக மாறியது" என்றால் ஒன்று இன்னொன்றாயிற்று. "கேஸ் அடுப்புக்கு மாறினார்கள்" என்றால் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தார்கள், எதுவும் எதுவாகவும் ஆகவில்லை. உருபே இல்லாமல் "வண்ணார்பேட்டையில் பஸ் மாறு" என்றால் இறங்கி ஏறு. "சொன்ன சொல் மாறினான்" என்றால் பேச்சுத் தவறினான். உன் வங்கிக்கு வேண்டியது 'கு' உருபு. "வங்கி பேரேட்டை விட்டுக் கணினிக்கு மாறியது" என்று எழுது. "டிஜிட்டல் உருமாற்றம்" என்று போட்டால் என்ன நடந்தது என்று படிப்பவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லாமல் போய்விடும்.

'மாற்று' இன்னும் வழுக்கும். ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைப்பதும் மாற்றுவதுதான். பல்பை மாத்து, மாற்றுத்துணி, சில்லறை மாத்து, அவசரத்துக்கு வட்டியில்லாமல் வாங்குகிற கைமாத்து, எல்லாம் இந்த வகை. "தண்ணீரை மாற்றி ஆவியைப் பெறுகிறோம்" என்று நீ எழுதியதைப் படிக்கிற பிள்ளை, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கும். அங்கே "தண்ணீரை ஆவியாக்குகிறோம்" என்று போடு. 'ஆக்கு' வந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. நம் வீடுகளில் "சோறாக்கியாச்சா?" என்றுதானே கேட்கிறோம். அரிசி தண்ணீரையும் சூட்டையும் வாங்கி, உள்ளே இருக்கும் மாவுச்சத்து ஊதிக் குழைந்து சோறாகிறது. காயவைத்தாலும் அது பழையபடி அரிசியாகாது. திரும்ப வராத இப்படிப்பட்டவற்றை 'மீளா மாற்றம்' என்றும், பனிக்கட்டி தண்ணீராகித் திரும்பப் பனிக்கட்டியாவது போன்றதை 'மீள் மாற்றம்' என்றும் பாடநூல் சொல்கிறது. அந்த இரண்டு பெயரிலும் கை வைக்காதே, பரீட்சையில் பிள்ளைகள் அதைத்தான் எழுத வேண்டும்.

முகப்புக்குத் திருக்குறளில் 'மாற்றம்' தேடப் போகிறாய் என்றால் ஒரு எச்சரிக்கை. 725-ஆம் குறளில் "அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு" என்று வருவது மறுமொழி. பழந்தமிழில் மாற்றம் என்றால் சொல், பதில் என்றும் பொருள். அதை உருமாற்றத்துக்கு மேற்கோளாகப் போட்டால் தமிழ் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இனி பால். இரண்டு படமும் போட்டு இரண்டுக்கும் ஒரே வரி எழுதியிருக்கிறாய். வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால், நுண்ணுயிரிகள் மெல்லப் புளிப்பேற்றப் புரதம் வலைபோலப் பின்னிக்கொள்ளும். தண்ணீர் அந்த வலைக்குள்ளேயே நிற்கும். அது உறைகிறது, தயிராகிறது. ஏற்கெனவே புளிப்பேறிய பாலை அடுப்பில் வைத்தால் புரதம் சட்டென்று திரண்டு கட்டியாகும், தண்ணீர் தனியே பிரியும். அது திரிகிறது. இரண்டிலும் புளிப்புதான் காரணம், ஆனால் தமிழ் இரண்டையும் ஒன்றாகச் சொல்லாது. பால் திரிஞ்சு போச்சு என்றால் கெட்டுப்போனது. கயிறு திரிப்பதும், சொன்னதைத் திரித்துச் சொல்வதும் இதே சொல்தான், இருந்த நேர்விட்டு முறுக்குவது. அதனால் நல்லபடியாக நடக்கும் ஒன்றுக்குப் பேச்சுவழக்கில் 'திரி' வராது. இலக்கணத்தில் மட்டும் இந்தக் கறை கிடையாது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைத் திரிதல் என்கிறது நன்னூல். வாழைப்பழத்தில் ப் வருவது தோன்றல், மரவேரில் ம் போவது கெடுதல். மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். அகராதியில் அந்தச் சொல்லைக் கண்டு பட்டாம்பூச்சிப் படத்தின் கீழே போட்டுவிடாதே, வீட்டில் விகாரம் என்றால் அசிங்கம்.

நோய்க்கிருமிப் பக்கத்தில் 'திரிபு' பொருந்தும். 2021-இல் செய்தித்தாள்கள் 'உருமாறிய கொரோனா' என்று எழுதின. மாறியது மரபுக்குறியீட்டில் சில எழுத்துகள், கிருமி அடையாளம் தெரியாமல் வேறொன்றாகிவிடவில்லை. கெடுதலின் சாயலும் அங்கே தப்பில்லை.

கருப்பட்டிப் பக்கத்தை முழுக்க அடித்துவிட்டுத் திரும்ப எழுது. இந்தச் சீமையில் பனங்காட்டை ஒட்டி வளர்ந்த பிள்ளைகள் அதைப் படிப்பார்கள், ஒவ்வொரு படிக்கும் அவர்களிடம் சொல் இருக்கிறது. பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடினால் காரல் தட்டும், குறைந்தால் மெல்லப் புளிப்பேறும். புளிப்பேறிய பதனியைக் காய்ச்சினால் பாகு பிசுபிசுவென்றே இருக்கும், கட்டாது. புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையை இரண்டு சிறு சர்க்கரைகளாக உடைத்துவிடுவதுதான் காரணம், அவை எளிதில் படிகமாவதில்லை. விடிலியில், அதாவது பதனி காய்ச்சும் குடிசையில், காய்ச்சும்போது பொங்கும். தட்டிய ஆமணக்கு விதையைப் போட்டால் நுரை அமரும். பிறகு சுண்டிக் கூப்பனி என்னும் இளம்பாகாகும், கிண்டக் கிண்டப் பாகு முறுகும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, கரையாமல் உருட்ட வருகிறதா என்று பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றினால் இறுகிக் கட்டியாகும். ஏறத்தாழ பத்து லிட்டர் பதனிக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். பெரும்பாலும் தண்ணீர்தான் போகிறது. நிறமும் மணமும் ஏறினாலும் இனிப்பு இனிப்பாகவே நிற்கிறது. புளிக்கும், பொங்கும், சுண்டும், முறுகும், இறுகும் என்று ஐந்து வினை இருக்கும்போது 'உருமாற்றம் அடைகிறது' எதற்கு? உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

அப்படியானால் 'உருமாற்றம்' எங்கே வரலாம்? அதே பொருள் அல்லது அதே உயிர் தொடர்ந்து இருந்து, உரு மட்டும் அடியோடு வேறாகும்போது. சுண்ணாம்புப் பாறை பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் உருகாமலே சலவைக்கல்லாகிறது, அது உருமாறிய பாறை. உருகிக் குளிர்ந்திருந்தால் தீப்பாறை என்றிருப்போம். 'உருகாமலே' என்பது உன் வரைவில் விடுபட்டிருக்கிறது, சேர்த்துக்கொள். தவளைக்கு 'வளர் உருமாற்றம்' என்று பாடநூல் வைத்த பெயரே இருக்கட்டும். ஆனால் "வால் மாற்றப்பட்டுக் கால்கள் வருகின்றன" என்றது தப்பு. வாலுக்குப் பதிலாகக் கால் வருவதில்லை. பின்கால்கள் முதலில் முளைக்கும், முன்கால்கள் பிறகு வரும், வால் அறுந்து விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். குடலும் குட்டையாகிறது, பாசி தின்றது பூச்சி தின்னப் போகிறதே.

'மின்மாற்றி'யை அப்படியே விட்டுவிடு. தெருவில் எல்லோரும் டிரான்ஸ்பார்மர் என்றுதான் சொல்வார்கள், பக்கத்தில் அதையும் போடு. அது 11,000 வோல்ட்டை 400 அளவுக்கு இறக்குகிறது, மின்சாரத்தை வேறொன்றாக்கவில்லை. அதன் அலைவெண்கூட, 50 ஹெர்ட்ஸாக உள்ளே போனது 50 ஆகவேதான் வெளியே வரும்.

திருத்தும்போது 'மாற்றப்படுகிறது', 'மாற்றம் அடைகிறது' இரண்டையும் கணினியில் தேடி எடு. யாராவது செய்வதானால் 'ஆக்கு' அல்லது 'மாற்று', தானாக நடப்பதானால் 'ஆகு' அல்லது 'மாறு'. பத்தில் எட்டு இடம் அதிலேயே சரியாகிவிடும். மிச்சம் நிற்பவற்றை மட்டும் தனித்தாளில் எழுதி அனுப்பு, படத்தோடு சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா