எரிமலையை மத்தியானத்தில் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் மொரிஷியஸ் பயணத்தைப் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில், பக்கத்திலுள்ள, பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவையும் எரிமலையோடு சேர்த்து இரண்டே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று எழுதப்பட்டிருந்தது. கடந்த மே மாதம், பள்ளி விடுமுறையில், இதே கணக்கை நம்பி நானும் என் மனைவியும் மகள், மருமகன், பத்து வயதுப் பேரன் ஆகியோரும் அங்கே போய் முதலில் ஏமாந்து, பிறகு கைக்காசைப் போட்டு மேலும் மூன்று நாள் தங்கிய பின்புதான் அந்தத் தீவைக் கண்ணால் கண்டோம் என்பதால், இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாங்கள் பணம் கட்டியிருந்த பயண முகவர், மொரிஷியஸிலிருந்து முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் எங்களை ரீயூனியனில் இறக்கி, மறுநாள் காலைப் பலகாரமெல்லாம் முடிந்து பத்து மணிக்கு மேல் வேனில் ஏற்றினார். பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலையை எதிரே நின்று பார்க்கும் இடமான பா டி பெல்கோம்பில், 2,300 மீட்டர் உயரத்தில், நாங்கள் இறங்கியபோது மணி ஒன்று. எதிரே எரிமலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை; கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் இட்லிப் பானையைத் திறந்தாற்போல் வெள்ளைப் புகைமூட்டம் மட்டுமே இருந்தது. "எரிமலை எங்கே தாத்தா?" என்று பேரன் கேட்டதற்கு, "எதிரேதான் இருக்கிறது" என்று சொன்னேனே தவிர, எந்தப் பக்கம் கையை நீட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு வேன் திரும்பிவிட்டது.

இதில் இயற்கையைக் குறை சொல்ல ஏதுமில்லை. தென்கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலைச் சரிவில் முட்டுவதாலும், வெயில் ஏற ஏற அந்த ஈரக்காற்று மேலே எழும்பிக் குளிர்வதாலும், பெரும்பாலான நாட்களில் முற்பகலுக்குள்ளேயே மேகம் மலையை மூடிவிடுகிறது. எரிமலைப் பகுதியிலுள்ள ஃபோக்ஃபோக் என்னுமிடத்தில் 1966 ஜனவரியில், ஒரு புயலின்போது, 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பதிவாயிற்று, சென்னைக்கு ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட இது அதிகம். இப்படிப்பட்ட மலைக்கு மத்தியானத்தில் ஆட்களை ஏற்றிச் செல்கிறவர்கள் மலையைக் காட்டவில்லை, வேனைத்தான் காட்டுகிறார்கள்.

பிரான்ஸில் வேலை பார்க்கும் என் மருமகன் அந்த ஊர் வழக்கப்படி சாலையின் வலப்புறமாக ஓட்டிப் பழகியவர் என்பதால், மறுநாள் நாங்களே ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, தெற்குக் கடற்கரையிலுள்ள சேன் பியேரிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். மாடுகள் பனியில் படுத்திருந்த புல்வெளிகளைக் கடந்து ஒரு வளைவில் திரும்பியதும் பச்சை சட்டென்று நின்றுபோய், கறுப்பும் செம்பழுப்புமாக, ஒரு மரம் மட்டை இல்லாத பிளேன் டி சாப்ல் என்னும் சமவெளி கீழே விரிந்தது. செங்கல் சூளையில் கரியை அள்ளிப் பரப்பியது போன்ற அந்தத் தரையின் நடுவே மண்பாதையில் கார் குலுங்கிக்கொண்டே போக, பின்னிருக்கையில் ஒருவரும் பேசவில்லை. பெல்கோம்பில் நாங்கள் இறங்கியபோது பல் கிட்டும் குளிர்; ஆனால், முந்தின நாள் வெள்ளையாகக் கிடந்த இடத்தில், 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த எரிமலை முழுவதும் இளவெயிலில் தெரிந்தது.

அங்கிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தாக இறங்கி, அங்க்ளோ எனப்படும் பெரும் பள்ளத்தின் தரைக்குப் போகின்றன. மூட்டுவலி உள்ள என் மனைவி மேலேயே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட, மற்றவர்கள் இறங்கினோம். பாறைமேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பொட்டுபோல் இட்டிருக்கும் அடையாளங்களைப் பார்த்தே நடக்கவேண்டும். மேகம் இறங்கிவிட்டால் அந்தப் பொட்டைத் தவிர வேறு துணை கிடையாது. உறைந்த எரிமலைக் குழம்பு சில இடங்களில் முறுக்கிய வடக்கயிறு போலவும், சில இடங்களில் உழுது போட்ட களிமண் கட்டி போலவும் கிடக்கிறது. கயிறுபோல் கிடந்த ஒரு மடிப்பைப் பேரன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பால் ஆடை சுருங்குவதுபோல் இருக்கிறது என்றான். நாற்பதாண்டு புவியியல் பாடம் நடத்திய நான் வகுப்பில் இவ்வளவு சரியாக ஒருமுறையும் சொன்னதில்லை. மேலே தோல் இறுகியபின் உள்ளே ஓடும் குழம்பு அதைத் தள்ளிச் சுருக்குவதுதான் அங்கே நடந்திருக்கிறது. படிகளுக்குச் சற்றுத் தூரத்திலுள்ள சிறிய செந்நிறக் கூம்புக்கு ஃபோர்மிகா லியோ என்று பெயர். மணலில் குழி பறித்துக் காத்திருக்குமே, நம் பிள்ளைகள் விளையாட்டாய்ப் பிடிக்கும் குழியானை, அந்தப் பூச்சியின் பெயர்தான் அது. 1753ஆம் ஆண்டு வெடிப்பில் உண்டான அந்தக் கூம்பின் வாயைப் பார்த்தால் பெயர் வைத்தவரின் கண்ணை மெச்சத் தோன்றுகிறது.

அதற்கு மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கிய குழம்பு அந்தச் சாலையைப் பலமுறை அறுத்திருக்கிறது. ஒவ்வொரு கருநிறப் பட்டைக்கும் பக்கத்தில் அது ஓடிய ஆண்டைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். பழைய பட்டையில் காடே வளர்ந்திருக்க, அடுத்ததில் பெரணிச் செடியும், புதியதில் சாம்பல் நிறப் பாசி மட்டுமே படர்ந்திருப்பதைக் காரில் இருந்தபடியே படித்துக்கொண்டு போகலாம். 2007 ஏப்ரலில் நடந்த பெருவெடிப்பின்போது குழம்பு கடலில் கலந்ததோடு, உச்சியிலுள்ள தோலோமியூ வாயின் அடித்தளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. அந்தக் குழம்பு அதன் பிறகும் பல ஆண்டுகள் உள்ளூர ஆறாமல், மழை பெய்தால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பிட்டோன் சேன் ரோஸ் ஊரில் 1977ஆம் ஆண்டு வீடுகளை விழுங்கி வந்த குழம்பு, மாதா கோயிலின் வாசலில் நின்று இருபுறமும் பிரிந்து போயிருக்கிறது. கறுத்த பாறை இன்னும் சுவரை ஒட்டியே கிடக்கிறது. இந்த வெடிப்புக்குப் பின்னர்தான், 1979இல், எரிமலையை இரவு பகலாகக் கவனிக்கும் ஆய்வகத்தை, எரிமலைக்குப் போகும் வழியிலுள்ள பூர் முராவில் அமைத்தார்கள்.

ஒரு பழைய ஆசிரியனாக இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தத் தீவை இன்று எழுப்பிக்கொண்டிருக்கும் அதே ஆழ்நில வெப்பப்புள்ளியின்மேல் (பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடம்), ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு நகர்ந்து சென்றபோதுதான் எரிமலைக் குழம்பு கொட்டி, தக்காணத்தின் கரும்பாறைப் படிவுகள் உண்டாயின. நிலத்தட்டுகள் நகர நகர, லட்சத்தீவுகளுக்கும் மாலத்தீவுகளுக்கும் அடியிலுள்ள மலைத்தொடர், பிறகு மொரிஷியஸ், கடைசியில் ரீயூனியன் என்று அந்தத் தடம் நீண்டிருக்கிறது. எல்லோராவில் சிற்பிகள் குடைந்த பாறைக்கும் என் பேரன் தடவிப் பார்த்த பாறைக்கும் ஊற்று ஒன்றே. நம் சுற்றுலாக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூட இடம் கிடைப்பதில்லை.

தமிழர்களைப் பற்றிக் கட்டுரையில் ஏற்கெனவே எழுதியிருந்ததால் நான் நீட்டவில்லை. 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தோரை அங்கே மல்பார் என்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தீமிதியும் காவடியும் நிற்கவில்லை, முருங்கைக்கீரையைச் சந்தையில் இன்னும் "முரூம்" என்றுதான் கூவி விற்கிறார்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தேவையான சில செய்திகள் அந்தக் கட்டுரையில் விடுபட்டிருந்தன. ரீயூனியன் பிரான்ஸின் மாவட்டமானாலும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசா எல்லைக்குள் வராது என்பதால், ஐரோப்பாவுக்கு எடுத்த விசாவை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது. எரிமலை வெடிக்கும் அறிகுறி தெரிந்ததும் பள்ளத்துக்கு இறங்கும் கதவைப் பூட்டிவிடுவார்கள். அந்த ஏமாற்றத்துக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டே போகவேண்டும். சுறா அபாயத்தால், பவளத்திட்டுக்குள் அடங்கிய ஆழமற்ற பகுதிகளையும் பாதுகாப்பு ஏற்பாடுள்ள இடங்களையும் தவிர மற்ற கடலில் குளிக்கத் தடை இருக்கிறது. சிலாவோஸ் மலையூருக்குப் போகும் சாலையில் ஏறத்தாழ நானூறு வளைவுகள் என்பதால், என் மகளைப் போல் வாந்தி வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறுவது நல்லது.

இனி அந்தத் தீவைப் பற்றி எழுதும்போது, குறைந்தது ஐந்து நாள் வேண்டும் என்றும், எரிமலைக்கு விடியுமுன்னே கிளம்பவேண்டும் என்றும் இரண்டு வரி சேர்க்குமாறு வேண்டுகிறேன். ஊர் திரும்பியதும் எங்கள் முகவரிடம் இதையே சொன்னேன். விடுமுறைக்கு வந்த குடும்பத்தை நான்கு மணிக்கு எழுப்பினால் சண்டைக்கு வருவார்கள் சார் என்றார். அன்றைக்கு எங்கள் பேரன் மூன்றரைக்கே எழுந்து, காலணியை மாட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
புதுச்சேரி.